உடம்போடு தைத்த அங்கி

“அக்கா, இதை அவிழ்த்துடு, எனக்கு மூச்சு—”

“கையைத் தூக்கு. தோள்ல சுருக்கம் விழுது.”

“சொல்றதைக் கேளேன், நான் அந்தப் பழைய சட்டையிலேயே—”

“பேசினா தையல் கோணும்டா.”

ஒருவர் பேச்சை மற்றவர் முடிக்க விடாமல்தான் நாங்கள் பேசுவோம், ஐயா. சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது வழக்கம்.

ஊருக்கெல்லாம் அவன் மயில்; மேடையில் அவனுக்கு அதுதான் பெயர். செம்பட்டை விக், விரலுக்கு விரல் மோதிரம், தரையைக் கூட்டிக்கொண்டு வரும் இறகு அங்கி. வந்து நின்றால் கேமராக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். வீட்டில் அவன் வழுக்கைத் தலையும் வெளிறிய பனியனுமாக, டீயில் ரொட்டியைத் தோய்த்துத் தின்னும் என் தம்பி. பக்கத்து வீட்டுக்காரருக்கே அவன்தான் மயில் என்று தெரியாது.

மயிலை உண்டாக்கியது நான். வாசலில் ஆள் வந்தாலே கதவுக்குப் பின்னால் ஒளிந்தவனுக்கு நடையும் சிரிப்பும் கழுத்தைத் திருப்பும் விதமும் கண்ணாடிமுன் நிறுத்தி நான் பழக்கியவை.

அவன் அங்கிக்கு ஜிப்போ பொத்தானோ கிடையாது. உடம்பில் போட்டு, இறுக்கி, முதுகில் நானே தைத்துவிடுவேன். மேடையிலிருந்து திரும்பியதும் தையலை வெட்டுவேன். கத்தரிக்கோல் என் இடுப்பு நாடாவில் தொங்கும். வேறு யாரும் தொடமாட்டார்கள்.

இதயம் பலவீனமாகிவிட்டது, இறுக்கமாக எதுவும் போடக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அவன் முகத்தில் ஏனோ ஒரு நிம்மதி. கடைசி நிகழ்ச்சியன்று, மேடைக்குப் போகுமுன் சொன்னான்:

“இன்னிக்கு விக் இல்லாம போய் நிக்கப்போறேன்க்கா. இதுதான் நான்னு சொல்லிட்டு வந்துடறேன். அப்புறம் நாம ரெண்டு பேரும் நிம்மதியா தூங்கலாம்.”

“சரிடா. கடைசியா ஒருதடவை எனக்காகப் போட்டுக்காட்டு” என்றேன்.

என் பேச்சை அவன் தட்டியதே இல்லை. போட்டுக்கொண்டான். ஊசியை எடுத்தேன். அப்போதுதான் நான் முதலில் சொன்ன அந்தப் பேச்சு நடந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கியே தைத்தேன். விக்கையும் வைத்துவிட்டேன்.

கத்தரிக்கோலைக் கேட்டான். காணோம் என்றேன். நாடாவில் தொங்குவதை அவன் பார்த்தான். விளக்கு எரிந்ததும் நான் பழக்கிய நடையிலேயே போனான்.

மேடை நடுவில் முழங்கால் மடிந்தது. இறகெல்லாம் விசிறிபோல் விரிந்தது. அதுவும் ஒரு வித்தை என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அது வித்தை இல்லை என்று திரைக்குப் பின்னால் நின்ற எனக்குத் தெரியும். நானும் தட்டினேன். கைதட்டல் ஓயட்டும், போகலாம் என்று நின்றேன். அது ஓயவே வெகுநேரமாயிற்று.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன். ஆனால் அவனைப் பார்த்து ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அதை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அங்கியை வெட்டி எடுத்துவிட்டார்களாம். விக்கும் இல்லையாம்.

“ஐயா, ஒரு ஊசியும் நூலும் குடுங்க, ஒருதடவை போயிட்டு வந்துடறேன். புள்ள அப்படியே கிடக்கறான், யாராவது பார்த்துடப்போறாங்க.”