பன்னிரண்டாவது கப்பல்

எங்கள் வீட்டில் கோடைக்காலத்தில் ஃபேன் ஓடாது. இது உனக்கே தெரியும். "உங்க வீட்ல ஃபேன் இல்லையாடி?" என்று தோழிகள் கேட்டதற்கு ஒருநாள் அழுதுகொண்டே பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாய். ஃபேன் இருந்தது. ஓடினால் உன் அப்பா செய்யும் குட்டிக் கப்பலில் நூல் ஆடும், அவ்வளவுதான்.

நேற்று வந்து இறங்கியதும் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், "அம்மா, நீ என்ன பண்ணின?" என்று கேட்டாய். நான் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் அழுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவைப் போலவே கப்பல் செய்கிற அந்தத் தாடிக்காரர் வீட்டிலிருந்து நீ திரும்புவதற்குள் முடித்துவிடுவேன்.

உன் அப்பா நல்ல மனிதர். குடித்ததில்லை, கை நீட்டியதில்லை, சாப்பாட்டில் உப்பில்லை என்று ஒருநாளும் குறை சொன்னதில்லை. உப்பில்லாதது அவருக்குத் தெரியவே தெரியாது. ஒருமுறை வேண்டுமென்றே மூன்று நாள் உப்புப் போடாமல் சமைத்துப் பார்த்தேன். மூன்று நாளும் தட்டைக் காலி செய்துவிட்டு, "நல்லா இருந்துச்சும்மா" என்று கப்பல் மேசைக்கு எழுந்து போனார். நான்காம் நாள் நானே தோற்றுப்போய் உப்புப் போட்டேன்.

கல்யாணமான புதிதில் அவர் முதல் கப்பலைச் செய்துகொண்டிருந்தார். தேயிலையை ஏற்றிக்கொண்டு ஒன்றையொன்று முந்தி ஓடிய பழைய காலத்துக் கிளிப்பர் கப்பல்களை, எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, ஒரு கப்பி, ஒரு ஆணி குறையாமல் செய்வார். மாலுமிகள் பாய்மரத்தில் ஏறுவதற்குக் கயிற்றேணி உண்டு. அதில் ஒவ்வொரு படியும் ஒரு நூல். அது குறுக்கே போகும் இடத்திலெல்லாம் ஒரு முடிச்சு. படிக்குப் படி ஐந்து மில்லிமீட்டர். ஒரு கப்பலுக்கு மூவாயிரம் முடிச்சுக்குக் குறையாது.

"எனக்கும் சொல்லிக் குடுங்களேன்" என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். அவர் வலது கைக்காரர், நான் இடது கைக்காரி. எதிரில் உட்கார்ந்ததால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் சுலபமாக வந்தது. ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து இருபது படி கட்டினேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "அழகா கட்டியிருக்க. ஆனா எல்லாம் எதிர்ப்பக்கம் சாயுது" என்றார். சின்னக் கத்தரிக்கோலை எடுத்து இருபது படியையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். பிறகு அவரே கட்டினார். ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அதற்காக நான் கோபப்பட்டேன் என்று நினைக்காதே. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை, எனக்கு ஞாபகமே இல்லை. செவ்வாய்க்கிழமை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

பதினொரு கப்பல் நிற்கும் வீட்டில் கடலையே பார்க்காத ஒருத்தி இருந்தாள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பத்து நாள் கடற்கரை ஊருக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார். நான் பெட்டிகூட அடுக்கிவிட்டேன். ஓய்வு பெற்ற மறுவாரம் ஒரு வண்டியில் மரப்பலகை வந்து இறங்கியது.

"இந்த ஒண்ணு மட்டும்தான். இதுக்கப்புறம் நான் முழுசா உன் ஆளு" என்றார்.

பன்னிரண்டாவது கப்பல் சாப்பாட்டு மேசை முழுவதையும் பிடித்துக்கொண்டது. மூன்று வருஷம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். பெட்டியில் அடுக்கிய புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிக் கிழித்தேன். "என்னங்க, கொஞ்சம் பேசணும்" என்பேன். "இதோ, இந்தப் படி முடியட்டும்" என்பார். படி முடியும். அதற்கு மேலே இன்னொரு படி இருக்கும். ஒரு மனுஷி எத்தனை படி காத்திருப்பாள்?

முதல் தடவை தெரியாமல்தான் நடந்தது. மதியம் இரண்டு மணிக்குப் படுத்தால் மூன்றரைக்குத்தான் எழுந்திருப்பார். அந்த நேரத்தில் மேசையைத் துடைத்தேன். வளையல் மாட்டி இரண்டு படி அறுந்துவிட்டது. பயந்துபோய் நானே கட்டி வைத்தேன். கை மறக்கவில்லை. அளவுதான் கொஞ்சம் கோணிவிட்டது.

எழுந்து வந்து நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சமையலறைக்கு வந்தார். தண்ணீர் கேட்கத்தான் வந்தார் என்று நினைத்தேன். என் பக்கத்தில் நின்று, "எனக்குக் கை நடுங்குதா, பாரேன்" என்று கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். நடுங்கவில்லை. கதகதப்பாக இருந்தது. "கொஞ்சம் நடுங்குதுங்க" என்றேன். அன்று சாயங்காலம் அவர் மேசைக்குப் போகவில்லை. என்னோடு உட்கார்ந்து, உன்னைப் பற்றி, பழைய வாடகை வீட்டைப் பற்றியெல்லாம் பேசினார்.

அதற்குப் பிறகு தினமும் இரண்டு படி. அவர் நேராகக் கட்டியதை வெட்டி எடுத்துவிட்டுக் கோணலாகக் கட்டி வைப்பேன். மறுநாள் அதையெல்லாம் பிரித்துக் கட்டுவதிலேயே அவர் பொழுது போய்விடும். இரண்டு மாதத்தில் கயிற்றேணி ஒரு விரல்கூட உயரவில்லை. பிறகு பித்தளை நங்கூரத்தை ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். முதல்முறை அவரே சிரித்தார். சுக்கான் சக்கரம் அவருடைய செருப்புக்குள் கிடைத்தபோது சிரிக்கவில்லை.

மறதி என்று மருத்துவரிடம் போனோம். உன் அப்பாவிடம் கேட்டதைவிட என்னிடம்தான் அவர் அதிகம் கேட்டார். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னேன். திரும்பும்போது காரில் உன் அப்பா, "நிஜத்தைச் சொல்லு. அந்த நங்கூரத்தை நான்தான் அங்க வச்சேனா?" என்று கேட்டார்.

"நீங்கதாங்க. அதனால என்ன? நான் இருக்கேன்ல."

என் தோளில் சாய்ந்து அழுதார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் என் தோளில் சாய்ந்தது அன்றுதான். வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோல், கத்தி, இடுக்கி எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு, "நீயே வச்சுக்க" என்று கொடுத்துவிட்டார். அன்று நான் ஃபேனைப் போட்டேன். கப்பலில் நூல்கள் ஆடின. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போன மாதம் கடலுக்கும் போய்வந்தோம். தூரத்தில் கப்பல் ஒன்று போயிற்று. "அது என்ன கப்பல்ங்க?" என்றேன். "தெரியலம்மா" என்றார். அந்தப் பத்து நாளும் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

கண்காட்சிக்காகப் பன்னிரண்டாவது கப்பலைத் தானே முடித்துத் தருவதாகத் தாடிக்காரர் வந்தாரே, அங்கேதான் வினை வந்தது. கப்பல் செய்கிறவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், முடிச்சைப் பார்ப்பார்கள். "கடைசிப் படிகள்ல முடிச்செல்லாம் எதிர்ப்பக்கம் சாயுது. இது அவர் கை இல்ல, இடது கை" என்று உனக்கு ஃபோன் செய்துவிட்டார். அளவைக் கோணலாக்கத் தெரிந்த எனக்கு முடிச்சின் சாய்வை மாற்றத் தோன்றாமல் போயிற்று.

தோன்றவில்லை என்பதுகூடச் சரியில்லை. உன் அப்பா தினமும் பூதக்கண்ணாடியில் பார்த்த முடிச்சுகள் அவை. ஒருநாளாவது தலையை நிமிர்த்தி, "இது உன் முடிச்சாச்சே" என்று சொல்லியிருந்தால், அன்றே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு நிறுத்தியிருப்பேன். ஒவ்வொரு மதியமும் அதற்காகக் காத்திருந்தேன். தாடிக்காரருக்கு ஐந்து நிமிஷத்தில் தெரிந்தது, என்னோடு முப்பத்திரண்டு வருஷம் வாழ்ந்தவருக்குத் தெரியவில்லை.

நாளைக்கு வேறு மருத்துவரிடம் காட்டுவோம், அதுவரை அப்பாவுக்கு எந்த மாத்திரையும் கொடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போனாய். மருத்துவர் எழுதிக் கொடுத்தது தினம் ஒரு தூக்க மாத்திரை. நான் இரண்டு கொடுத்துவந்தேன். நிறுத்தினால் ஒரு வாரத்தில் தெளிந்துவிடுவார், எனக்குத் தெரியும். தெளிந்ததும் அந்த டப்பாவைக் கேட்பார். மறுபடியும் "இதோ, இந்தப் படி முடியட்டும்" என்பார். அதனால் நீ வாசலைத் தாண்டியதும் அட்டையில் மீதி இருந்த எல்லாவற்றையும் பழச்சாற்றில் கரைத்துக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் குடித்தார். "நல்லா இருந்துச்சும்மா" என்றார்.

இப்போது என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறார். கை கொஞ்சம் சில்லிட்டிருந்தது, ஃபேனை நிறுத்திவிட்டேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் மன்னித்துக்கொள், வலது கையால் எழுதிப் பழக்கமில்லை. என் இடது கையை உன் அப்பா பிடித்துக்கொண்டிருக்கிறார். விடவே மாட்டேன் என்கிறார்.