படத்தின்ர இடப்பக்க ஓரம்

— கழட்டடி உந்தப் படத்தை! துவக்குக்காரரைச் சுவரில ஒட்டிவைச்சுப் பாக்கவே நான் கனடாவுக்கு வந்தனான்?

— அம்மா, இது ஸ்கூல் புரொஜெக்ற். செவ்வாய்க்கிழமை கிளாசுக்கு முன்னால நிண்டு நான் இதை விளங்கப்படுத்தோணும்.

— உன்ர அறைக்குள்ள வைச்சு விளங்கப்படுத்து. திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில உவங்களுக்கு என்ன வேலை?

— அறைச் சுவர் காணாது, போஸ்ரர் பெரிசு. அப்பா, நீங்கள் சொல்லுங்கோவன்.

— என்னை இழுக்காதை ஜெனாட். நான் வேலைக்கு வெளிக்கிடுறன். எலிவேற்றர் ஒண்டுதான் ஓடுது, கீழ இறங்கவே கால் மணித்தியாலம் வேணும்.

— ஒருக்காப் பாருங்கோ அப்பா. இதுக்குப் பேர் நைற் வோச். இரவுக் காவல். உங்கட செக்குரிற்றி வேலை மாதிரி.

— எனக்கும் உப்பிடி ஒரு தொப்பி தந்தாங்கள் எண்டால் இந்தக் குளிருக்கு உதவும்.

— பகிடி விடாதேங்கோப்பா நீங்கள். ஆரடி உவங்கள்? ஆமியே?

— ஆமி இல்லையம்மா. ஒல்லாந்துச் சனம். யாவாரியள், தங்கட ஊருக்குக் காவல் இருந்த ஆக்கள். எல்லாரும் சேர்ந்து ரெம்பிராண்ட் எண்டவரைக் கொண்டு தங்களைப் படமாக் கீறுவிச்சவை.

— ஒல்லாந்தரோ? யாழ்ப்பாணத்தில கோட்டை கட்டின அவங்களே?

— அவங்கள்தான். கிட்டத்தட்ட அதே காலம். இதில எல்லாரும் காவலுக்கு வெளிக்கிட்டுப் போகினமாம்.

— போகேல்லை.

— என்னம்மா?

— ஒருத்தனும் எங்கயும் போகேல்லை. உந்தச் சிவப்புச் சட்டைக்காரனைப் பார், துவக்குக்கு மருந்து போடுறான். பின்னால ஒருத்தன், மற்றவன்ர தொப்பியடியில வைச்சு வெடி வைக்கிறான். நடுவில ஒரு சின்னப் பெட்டை இடுப்பில கோழியைக் கட்டிக்கொண்டு நிக்குது. நாய் குலைக்குது. காவலுக்குப் போறவன் உள்ளதில திறம் உடுப்பைப் போட்டுக்கொண்டே போறவன்? உது படத்துக்கு நிக்கிற நிலை.

— அம்மா! சீரியஸ்லி, நான் இதை எழுதப்போறன்.

— எழுது. உது இரவும் இல்லை எண்டு எழுது. கறுப்பு உடுப்புக்காரன் கையை நீட்டுறான் பார், அந்தக் கையின்ர நிழல் பக்கத்து ஆளின்ர மஞ்சள் சட்டையில விழுது. வெய்யில் இல்லாமல் உப்பிடி நிழல் விழுமே?

— ஓம், பகல்தான்! மேல பூசின வார்னிஷ் ஊத்தை பிடிச்சுக் கறுத்துப்போச்சு. சனம் இரவெண்டு நினைச்சிட்டுது. உங்களுக்கு எப்பிடி உதெல்லாம் தெரியும்?

— உப்பிடி ஒரு படத்துக்கு ஆக்கள் நிண்டதைப் பாத்துக்கொண்டு நிண்டனான்.

— றோசலின், விடும்.

— நான் எப்பவோ விட்டாச்சு. உவள்தான் கொண்டந்து ஒட்டுறாள்.

— என்ன படம் அம்மா?

— ஊரில விழிப்புக் குழு எண்டு இருந்தது. கள்ளருக்குக் காவல். பொல்லும் ரோச்லைற்றும்தான் கையில. படம் எடுக்கேக்க எடுப்பா இருக்கும் எண்டு, குருவி சுடுற துவக்கு ரெண்டை இரவல் வாங்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டாங்கள். உன்ர மாமா அருள்நாயகமும்தான். படத்தைச் சனசமூக நிலையத்தில பிறேம் போட்டு மாட்டினவங்கள்.

— அப்ப ஏன் எங்களிட்ட மாமான்ர படம் ஒண்டும் இல்லை?

— வீடு எரிஞ்சது, படங்களும் எரிஞ்சது. இப்ப கண்ணை மூடினால் அவன்ர சத்தம் வருது, முகம் வருகுதில்லை... விடு. உன்ர படத்தைச் சொல்லு.

— இதுவும் முழுப்படம் இல்லையம்மா. பிறகு நகர மண்டபத்துக்குக் கொண்டுபோகேக்க சுவர் காணாதெண்டு ஓரங்களை வெட்டிப்போட்டினம். இடப்பக்கம் நிண்ட ரெண்டு மூண்டு பேர் இல்லாமப் போச்சினம்.

— ஐயோ, பாவங்கள்.

— வெட்டுப்பட்டவன் பாவமில்லை றோசலின்.

— என்னப்பா சொல்லுறீங்கள்?

— சொல்லாதேங்கோ, பிள்ளை சின்னன்.

— பதினாலு வயசாகப்போகுது. கேக்கட்டும். ஜெனாட், ரோந்து வந்த ஆமி அந்தப் படத்தைக் கண்டிட்டுது. துவக்கோட நிக்கிறது ஆராக்கள் எண்டு கேட்டு, நாளைக்கு வந்து எடுப்பம், படம் அசையாமல் இதில இருக்கோணும் எண்டிட்டுப் போட்டாங்கள். நிலையத்துக் கதவுத் திறப்பு உன்ர மாமாவிட்டத்தான் இருந்தது. படத்தை ஒளிச்சால் ஊரை எரிப்பாங்கள். அவன் பிறேமைக் கழட்டி, இடப்பக்க ஓரத்தில நிண்ட ஒருத்தனை மட்டும் வெட்டி எடுத்துப்போட்டு, அந்த இடத்துக்கு மட்டை வைச்சுத் திருப்பி மாட்டினவன்.

— ஏன் ஒருத்தனை மட்டும்?

— ஒரு துண்டு போனால் தெரியாது. ரெண்டு துண்டு போனால் தெரியும்.

— ஓரத்தில நிண்டது ஆர்?

— நான். கொம்மாவை எனக்குப் பேசி வைச்சிருந்த நேரம்.

— உங்களுக்குப் பக்கத்தில?

— அவன்.

— எல்லாரும் ஓடியிருக்கலாமே அப்பா?

— ஓடினால் வீட்டில இருக்கிறவையைப் பிடிப்பாங்கள். கள்ளருக்குத்தானே காவல் இருந்தனாங்கள், விளங்கப்படுத்திச் சொல்லுவம் எண்டான். அப்பிடி நம்பினவன் என்னை ஏன் வெட்டினவன்? பதினைஞ்சு வருசமா இதைத்தான் யோசிக்கிறன். படத்தில இருந்த எல்லாரையும் அடுத்த நாள் ஆமி கொண்டுபோனது, ஒருத்தனும் திரும்பி வரேல்லை.

— வெட்டின துண்டு எங்கயப்பா? ஒல்லாந்தரின்ர துண்டு இன்னும் கிடைக்கேல்லை.

— எறிஞ்சிருப்பான், வேறென்ன.

— எறியேல்லை றோசலின். என்ர கையில தந்தவன். இஞ்ச, பேர்சுக்குள்ள.

— கடவுளே! இவ்வளவு காலமும் ஏனப்பா எனக்குக் காட்டேல்லை?

— பாரும். துண்டில என்னைப் பாக்காதையும், என்ர தோளைப் பாரும்.

— கை... ஆரின்ர கை இது? சின்ன விரல் வளைஞ்சிருக்கு. கிணத்துக் கப்பியில நசிஞ்ச விரல். ஐயோ, என்ர தம்பி!

— அம்மா, இருங்கோ. இப்பிடி இருங்கோ. அப்பா, தண்ணி எடுங்கோ.

— முகத்தை விட்டிட்டுக் கையைத் தந்திட்டுப் போயிருக்கிறான், பார் பிள்ளை.

— அம்மா, ஒண்டு சொல்லட்டே? வெட்ட முந்தி இன்னொருத்தர் இந்த ஒல்லாந்துப் படத்தைப் பாத்துச் சின்னனாக் கீறி வைச்சிருந்தவர். அதாலதான் ஓரத்தில நிண்டது எப்பிடியான ஆக்கள் எண்டு இப்பவும் தெரியும். உங்கட படத்துக்கு வேற கொப்பி இல்லையே?

— ஸ்ரூடியோக்காரன் எல்லாற்ற வீட்டுக்கும் ஒவ்வொண்டு குடுத்தவன். ரெண்டு வீட்டுக்காரர் ஜேர்மனிக்கும் லண்டனுக்கும் அனுப்பினவை எண்டு கேள்வி.

— அப்ப தமிழ்ப் பேப்பருக்கு எழுதுவம். அம்மா, அதுக்கு முதல் இந்தப் போஸ்ரரைக் கழட்டட்டே?

— கழட்டாதை. கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி ஒட்டு. இடப்பக்கம் இடம் விடு.

— உங்களுக்கு வேலைக்கு நேரம் போகுதப்பா.

— போகட்டும். பேனையை எடு ஜெனாட், நான் சொல்லச் சொல்ல எழுது. "1984ஆம் ஆண்டு, சந்தியோகுமையார் கோயிலடி விழிப்புக் குழு எடுத்த படம் உங்களில ஆரிட்டையாவது இருக்குதோ? இடப்பக்க ஓரத்தில நிக்கிற ஆளை நீங்கள் தேடவேண்டாம், அவர் ரொறொன்ரோவில உயிரோட இருக்கிறார். அவற்ற தோளில கை போட்டுக்கொண்டு நிக்கிறவரின்ர முகம்தான் எங்களுக்கு வேணும். வைச்சிருக்கிறவை தயவுசெய்து ஒரு பதில் போடுங்கோ."