ஏச்சு வாங்கிய தண்டையல்

“உன்னைப்போலை விசரனை ஆரடா தண்டையல் ஆக்கினது?”

நான் வேலை தேடி வல்வெட்டித்துறைக்குப் போன பஸ்ஸில், முன் இருக்கையில் ஒருவர் இப்படிச் சத்தம் போட்டார். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்து ஏச்சு வாங்கியவர் அடுத்தநாள் முதன்முதலாகத் தண்டையலாக வள்ளத்தைக் கடலில் நடத்திப் போகிறவராம். வள்ளத்துக்கு ஒரு ஆள் குறைகிறதென்று, ஏசியவரைத் தன்னோடு வரச்சொல்லிக் கெஞ்சிக்கொண்டு வந்தார்.

“மெல்லக் கதை மச்சான், ஆக்கள் பாக்கினம்.”

“பாக்கட்டும். உனக்குக் காத்தும் தெரியாது, நீரோட்டமும் தெரியாது.”

புதுத் தண்டையல் ஜன்னல் பலகையை இறக்கினார், ஏற்றினார், திரும்பவும் இறக்கினார்.

“வேறை என்ன பிழை? சொல்லு.”

“போனமுறை வள்ளம் ஏன் பாறையிலை ஏறினது? நாங்கள் எல்லாரும் பாறையைக் கண்டனாங்கள். பழைய தண்டையலுக்குப் பிழை சொன்னால் அந்தாள் அடிக்க வரும். அந்தப் பயத்திலை ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. என்ரை தம்பி அண்டைக்குத்தான் செத்தவன்.”

இறங்குமிடம் வந்ததும் ஏசியவர் எழுந்தார்.

“இப்ப உனக்கு என்னை அடிக்கவேணும் போலை இருக்கே?”

“ஓம், இருக்கு.”

“எண்டாலும் அடிக்காமல் கேட்டுக்கொண்டு இருந்தனி. விடிய எத்தினை மணிக்கு வரவேணும்?”