விஜயராணியின் எட்டு வாரங்கள்

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், டாக்டர். அதனால்தான் மங்கலம் ரோட்டில் இருக்கும் இந்தச் சின்ன அறக்கட்டளையில், நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுகிற வேலை பத்து வருடமாக என் தலையில் விழுந்திருக்கிறது. நீங்கள் கேட்டு வந்திருக்கும் அட்டையையும், வாராவாரம் கர்ப்பிணியின் வயிற்றை டேப்பால் அளந்து, நான்தான் எழுதினேன். மறைக்க ஒன்றுமில்லை.

பனியன் கம்பெனிப் பெண்கள் பலருக்கு வயிற்றில் பிள்ளை சரியாக வளர்வதில்லை. ஏன் என்று ஆராய்ச்சி செய்ய பெங்களூரில் ஒரு தொண்டு நிறுவனம் நிதி தருகிறது. 2005-இல் எழுதினேன். 2006-இலும் எழுதினேன். இரண்டு முறையும் ஒரே பதில்: உங்கள் அட்டைகள் எதுவும் முழுமையாக இல்லை.

எப்படி இருக்கும்? வாரம் ஒரு சென்டிமீட்டராவது வயிறு ஏற வேண்டும். இரண்டு வாரம் டேப் ஒரே இடத்தில் நின்றால் அந்தப் பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன். பிள்ளை பிழைத்துக்கொள்ளும், அட்டை பாதியில் நின்றுவிடும். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, செத்தால்தான் நம்புவேன் என்கிறவர்களை என்ன சொல்வது? எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

மூன்றாம் முறை ஓர் அட்டையாவது முழுதாக அனுப்புவது என்று முடிவு செய்தேன்.

விஜயராணி விருதுநகர்ப் பக்கத்துப் பெண். பனியன் கம்பெனி செக்கிங்கில், தைத்த துணியில் பழுது பார்த்து, நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. வயிறு தெரிந்தால் சூப்பர்வைசர் நிறுத்திவிடுவான் என்பதால், ஏறாத வயிறு அவளுக்கு அதிர்ஷ்டமாகத் தெரிந்தது.

"எக்கா, இன்னும் சின்னதாத்தான இருக்கு? சூப்பர்வைசருக்கு டவுட்டே வரலக்கா" என்று சிரிப்பாள்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. சின்னப் புள்ளைன்னா சுகப்பிரசவம் ஆயிரும்" என்பேன்.

என்னிடம் வர ஆரம்பித்த இரண்டாம் வாரம் இருபத்தேழு சென்டிமீட்டர். மூன்றாம் வாரமும் இருபத்தேழு. அதற்குப் பிறகும் டேப் நகரவில்லை. ஏழாம் வாரம் வந்தவள் சிரிக்கவில்லை.

"முந்தாநேத்துல இருந்து புள்ள அசையவே மாட்டேங்குக்கா. ஆஸ்பத்திரிக்குப் போவட்டா?"

அட்டையில் வாரத்துக்கு ஒன்றாக மொத்தம் எட்டுக் கட்டம். ஒன்றுதான் பாக்கி இருந்தது.

"தூங்குது கண்ணு. அடுத்த வாரம் வந்துரு, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

சொன்னபடி நானே ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனேன். பெண் குழந்தை. உயிரில்லை. ஒரு கிலோ நூறு கிராம். நர்ஸிடம் எடையை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டேன். அவள் புருஷன் ராக்கையா அந்தத் துணிச்சுருட்டை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் நின்றான். விஜயராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டுந்தாங்க்கா வாரம் தவறாம என்னயப் பாத்தீங்க" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. நான் ஒன்றும் கல் இல்லை.

நிதி வந்தது. 'மனதை உலுக்கும் ஆதாரம்' என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். இரண்டு வருடம் அசையாத மனது. கிழித்து அவர்கள் முகத்தில் எறியலாம் போல இருந்தது. ஃபைலில் வைத்தேன்.

ஐந்தாம் வாரமே தெரிந்திருக்குமே என்கிறீர்கள். மூன்றாம் வாரமே தெரியும். அப்போது அனுப்பியிருந்தால் அந்தக் குழந்தை இன்று தவழ்ந்துகொண்டிருக்கும் என்பதும் தெரியும். தெரிந்துதான் செய்தேன். ஒன்றை விட்டுத்தான் ஆயிரத்தைப் பிடிக்க முடிந்தது. இதில் எனக்கென்று எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. போலீஸுக்கு வேண்டுமானால் இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன், டாக்டர். இரண்டாம் வருட நிதிக்கு இன்னும் ஓர் அட்டை வேண்டுமாம். வெளியே பெஞ்சில் மயிலாள் என்று ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று வாரமாக அவளுக்கு ஏறவில்லை. போகிறபோது அவளிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.