பதினோரு விமர்சனங்களில் ஒரே ஒரு வரி

பேச்சாளர்கள் அளந்துவிடும்போதெல்லாம் மணியடித்து அவையின் மானத்தைக் காத்துவரும் மாண்புமிகு தலைவர் அவர்களே! பழுதான பொருளோடு படியேறி வருவோருக்காகப் பத்து வருடங்களாகப் பாடுபடும் இந்த நுகர்வோர் மன்றத்தின் செயலாளர் அம்மையார் அவர்களே! பெட்டியைப் பிரிக்கும் முன்பே ரசீதைப் பத்திரப்படுத்தும் பெரியோர்களே! ஒன்பது கடை ஏறி இறங்கி, பத்தாவது கடையிலும் "நெஜமாவே நல்லா இருக்குமா?" என்று கேட்டுக் கடைக்காரரைக் கலங்கடிக்கும் தாய்மார்களே! எழுதிப் பிழைக்கும் என் விமர்சக நண்பர்களே! இரண்டு பேர் கதவோரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், பார்த்துவிட்டேன், நழுவிவிட வேண்டாம். அனைவருக்கும் என் பணிவு கலந்த வணக்கம்.

செயலாளர் அம்மையார் என்னை அறிமுகப்படுத்தும்போது 'நம்பிக்கைக்குரிய விமர்சகர்' என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதைக் கேட்ட பிறகு தரலாமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

சென்ற ஆண்டு ஒரு கைப்பேசி வந்தது. அலுவலர்க்கென்றே ஆக்கப்பட்டது, அதிகாரிகளுக்கென்றே அழகு செய்யப்பட்டது என்று அறிவித்தார்கள். அகன்ற திரை, ஆனால் தொடுதிரை அல்ல; அதற்குக் கீழே முப்பத்தைந்து பொத்தான்கள். அழுத்தினால் அழுந்தும், விட்டால் எழும் உண்மையான பொத்தான்கள்! வழுக்கும் கண்ணாடியில் விரல் தேய்த்து, 'வருகிறேன்' என்று அடித்தால் 'வறுக்கிறேன்' என்று போய்ச் சேருகிற காலத்தில், எழுத்தைத் தொட்டு எழுதும் இன்பத்தை அது திருப்பித் தந்தது. பொய் சொல்லவில்லை. பொத்தான்கள் அருமை.

என்ன ஐயா? பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்கிறார், எந்தக் கம்பெனி என்று. சொல்லமாட்டேன். பெயரைச் சொன்னால் அந்த ஒன்றை மட்டும் சந்தேகப்பட்டுவிட்டு மற்றதையெல்லாம் மார்போடு அணைத்துக்கொள்வீர்கள். உங்கள் சந்தேகம் அவ்வளவு சிக்கனமாக இருக்கக் கூடாது.

அந்தக் கைப்பேசி கறுப்புப் பெட்டியில் என் வீட்டுக்கு வந்தது. கூடவே நாற்பது பக்கக் கையேடு ஒன்றும் வந்தது. ஆறு நாள் பயன்படுத்தினேன். ஐந்து பத்தி எழுதினேன். நான்காவது பத்தியில் ஒரு வரி: "கையுறை அணிந்த கையோடும், உறைய வைக்கும் குளிரிலும், இதன் பொத்தான்கள் ஒருபோதும் ஏமாற்றாது."

எப்படி இருக்கிறது வரி? எடுப்பாக இல்லை? ஆனால் நான் சோதித்தேனா? எந்த மலை ஏறினேன்? எந்தப் பனியில் நின்றேன்? என் வீட்டில் மிகக் குளிர்ந்த இடம் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு. அதில்கூட வைத்துப் பார்க்கவில்லை! கையேட்டின் பதினேழாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. எடுத்தேன், எழுதினேன், எழுந்து போய்த் தூங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண்மணியிடமிருந்து கடிதம் வந்தது. கோணல் கோணலான கையெழுத்து. உள்ளே ஒரே ஒரு கேள்வி: "எந்தக் குளிரில் வைத்துப் பார்த்தீர்கள்?"

அன்பர்களே, அந்த நேரத்தில் எனக்கு யார்மேல் சந்தேகம் வந்திருக்க வேண்டும்? கையேட்டின் மேல் வரவில்லை. கறுப்புப் பெட்டியின் மேல் வரவில்லை. என் பேனாவின் மேல் வரவே இல்லை. கேள்வி கேட்ட அந்தப் பெண்மணியின் மேல் வந்தது! அந்த மாதம்தான் எதிர்க்கம்பெனி ஒன்றும் பொத்தான் கைப்பேசி கொண்டுவரப் போவதாகப் பேச்சு. ஆள் வைத்து எழுத வைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். "யார் சொல்லி எழுதுகிறீர்கள்?" என்று ஒற்றை வரியில் பதில் போட்டேன். மறுவாரம் ஒரு முகவரி வந்தது. கீழே, "நேரில் வரவும். கம்பளிச் சட்டை எடுத்துவரவும்."

போனேன். சட்டைப்பையில் பதிவுக் கருவியை ஒளித்துவைத்துக்கொண்டு, கள்ளனைப் பிடிக்கப் போகும் காவலனைப் போலப் போனேன்.

அது ஒரு குளிர்க்கிடங்கு. உறைந்த மீனும் பட்டாணியும் மூட்டை மூட்டையாக அடுக்கிவைக்கும் இடம். ஈரத்தரை. கனத்த இரும்புக் கதவு. கதவின் மேல் சிவப்பு எண்ணில் சுழியத்துக்குக் கீழே இருபது. அதன் மேற்பார்வையாளர்தான் கடிதம் எழுதிய அம்மையார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வலக்கையின் இரண்டு விரல்களில் கட்டு. எழுத்து ஏன் கோணலாக இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

"நீங்கதான் அந்தக் கட்டுரை எழுதினவரா? உக்காருங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார்.

பிறகு நடந்ததைச் சொன்னார். குளிரறைக்குள் தடித்த கையுறை போட்டுத்தான் வேலை. தொடுதிரை அங்கே உதவாது. எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று அனுப்ப, ஒவ்வொரு முறையும் வெளியே ஓடிவர வேண்டியிருந்தது. என் கட்டுரையைப் படித்திருக்கிறார். மகிழ்ந்திருக்கிறார்.

"நாந்தாங்க மேனேஜர்கிட்ட உங்க கட்டுரையக் காட்டினேன். இந்தப் போன் வாங்கிக் குடுங்கன்னு கேட்டேன். உள்ள சிக்னல் வர்றதுக்கு மெஷினும் மாட்டினாங்க. அதுக்கு முன்னாடி வரைக்கும் தனியா உள்ள போகக் கூடாதுன்னு ஒரு சட்டம் இருந்துச்சு. ஒருத்தர் உள்ள, ஒருத்தர் கதவுகிட்ட. போன் வந்ததும் மேனேஜர் அந்தச் சட்டத்த எடுத்துட்டார். குளிர்லயும் வேலை செய்யுதுன்னு எழுதியிருக்கே, அப்புறம் எதுக்கு இன்னொரு ஆள்னு கேட்டார்."

கேட்டீர்களா? கேட்டீர்களா தாய்மார்களே! நான் தூங்கப் போகும் அவசரத்தில் எழுதிய ஒரு வரி, ஒரு கதவின் அருகில் நின்ற காவலை விரட்டியிருக்கிறது!

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. அம்மையார் தனியாக உள்ளே போனார். கதவு தானே சாத்திக்கொண்டது. மற்ற நாளில் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்; அன்று பத்து நிமிடம் பெட்டிகளை எண்ணிவிட்டுத் திரும்பினார். உள்பக்கக் கைப்பிடியில் பனி இறுகியிருந்தது, அசையவில்லை. பதறவில்லை அவர். கைப்பேசி இருக்கிறதே! திறக்க நான்கு இலக்கம் அழுத்த வேண்டும். அவசர அழைப்பானாலும் பொத்தானை அழுத்தித்தான் ஆக வேண்டும். முதல் எண் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது பொத்தான் உள்ளே போனது. வெளியே வரவில்லை.

கையுறையால்தான் அழுந்தவில்லையோ என்று நினைத்து, வலக்கை உறையைக் கழற்றினார். வெறும் விரலால் நெம்பினார். பொத்தான் எழவில்லை, விரல்தான் மரத்தது. முப்பத்தெட்டு நிமிடம்! கதவைக் குத்தினார், கத்தினார், குதித்தார், குனிந்து நடந்தார். வெளியே குளிரூட்டும் பொறியின் இரைச்சல். யார் காதில் விழும்?

அவருடைய நாத்தனார் அதே கிடங்கில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருக்கிறார். குறுக்கிட்டுச் சொன்னார்:

"பதினோரு மணிக்கு அண்ணியும் நானும் சேர்ந்துதான் டீ குடிப்போம். ஆளைக் காணோம். மேனேஜர்கிட்ட கேட்டேன். போன் வரலல்ல, அப்ப நல்லாத்தான் இருப்பாங்கங்கறார். எனக்கு மனசு கேக்கல. போய்க் கதவத் தொறந்தா, அண்ணி தரையில உக்காந்து அந்தப் போனை வாயால ஊதிக்கிட்டு இருக்காங்க."

இரண்டு விரல்கள். ஒன்றில் நுனியை எடுத்துவிட்டார்கள். இன்னொன்றில் உணர்ச்சி இல்லை.

கேட்ட எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அப்போதும் சந்தேகம் அவர் மேல்தான்! 'ஒருவேளை இவருடைய கைப்பேசி மட்டும் பழுதோ? தண்ணீரில் போட்டிருப்பாரோ?' என் பையில் எனக்கு வந்த கைப்பேசி இருந்தது. அதை எடுத்தேன்.

அம்மையார் சிரித்தார். "சந்தேகம் போகலையா? வாங்க உள்ள."

நாத்தனார் கதவுக்கு மரக்கட்டை முட்டுக்கொடுத்துவிட்டு அதன்மேலேயே காலை ஊன்றி நின்றார். உள்ளே போனோம். ஆறாவது நிமிடத்தில் பொத்தான்கள் சோம்பின. எட்டாவது நிமிடத்தில் சுணங்கின. ஒன்பதாவது நிமிடத்தில் 'ம' உள்ளே போனது; போனது போனதுதான். பொத்தானுக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற தகடு குளிரில் விறைத்துவிடுகிறது என்று பிறகு ஒரு பழுதுபார்ப்பவர் பிரித்துக் காட்டினார். அவ்வளவுதான் விஷயம். ஒன்பது நிமிடச் சோதனை! அந்த ஒன்பது நிமிடம் எனக்கு இல்லாமல் போயிற்று.

வந்தேன், மறுப்பு எழுதினேன், ஆசிரியர் மேசையில் வைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பதினோரு பேர் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க. நீங்க மட்டும் இப்ப மாத்திச் சொல்றீங்க. உண்மையச் சொல்லுங்க, அந்த இன்னொரு கம்பெனி உங்களப் பார்த்தாங்களா?"

நான் அந்த அம்மையாரிடம் கேட்டது வேறு வார்த்தைகளில் என்னிடமே வந்து நின்றது!

அன்று பதினோரு விமர்சனங்களையும் பரப்பிவைத்துப் படித்தேன். ஒருவர் கவிதையாகப் புகழ்ந்தார், ஒருவர் கணக்காகப் புகழ்ந்தார், ஒருவர் குறை சொல்வதுபோல் தொடங்கிக் கொஞ்சி முடித்தார். ஆனால் பதினொன்றிலும் அந்தக் குளிர் வரி இருந்தது. கையேட்டில் அச்சுப்பிழையாகப் 'பொத்தாண்கள்' என்று மூன்று சுழி 'ண்' விழுந்திருந்தது. ஏழு விமர்சனங்களில் அதே மூன்று சுழி! சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் சிரித்துவிட்டு யோசியுங்கள். நீங்கள் பதினோரு பேரைக் கேட்டதாக நினைத்தீர்கள். கேட்டது ஒரே ஒரு குரலை!

செய்தி கசிந்தது. கம்பெனியின் செய்தித்தொடர்பாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். பேச்சில் அப்படியொரு இனிமை.

"சார், அது விளம்பர வாசகம்தானே சார். அதப் போய் யாராவது நெஜம்னு எடுத்துப்பாங்களா?"

"ஒருத்தங்க எடுத்துக்கிட்டாங்களே" என்றேன்.

"பாவம்தான் சார். அடுத்த மாடல் வருது. நீங்கதான் முதல்ல கையில எடுக்கணும்னு எங்க எல்லாருக்கும் ஆசை."

கதவைத் திறந்துவிட்டேன். வழி தெரிந்துகொண்டார்.

பிறகு மற்ற பத்து விமர்சகர்களையும் அந்தக் குளிர்க்கிடங்குக்கு அழைத்தேன். ஐந்து பேர் வந்தார்கள். எங்கள் துறையின் மூத்தவர் ஒருவர் உண்டு; தூசியைக்கூட விடமாட்டார் என்பதால் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். வந்த ஐவரில் அவரும் ஒருவர். அம்மையார் எல்லோருக்கும் கம்பளிச் சட்டை கொடுத்தார். பத்து நிமிடம் உள்ளே நிற்க வைத்தார். "இப்ப நீங்க எழுதின அந்த வரியை அடிங்க பார்க்கலாம்" என்றார்.

அடித்தார்கள். ஒருவர் 'கையு'வோடு நின்றார். ஒருவருக்குக் 'கை' மட்டும்தான் கிடைத்தது. ஒருவரின் திரையில் 'ககககக' என்று ஓடிக்கொண்டே இருந்தது. வரியை முடித்தவர் ஒருவருமில்லை.

வெளியே வந்து, மூக்கைத் துடைத்தபடி பூதக்கண்ணாடி என்னைத் தனியே இழுத்தார்.

"தம்பி, நான் கையேட்டப் பார்த்து எழுதல. உங்க கட்டுரைதான் முதல்ல வந்துச்சு. நீங்க சோதிச்சிருப்பீங்கன்னு நம்பிட்டேன்."

அவையோரே! கம்பெனி ஏமாற்றியது என்றல்லவா நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்! அவர் நம்பியது கையேட்டை அல்ல, என்னை! அம்மையாரின் கட்டுப்போட்ட விரல்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்த ஐவரும் நானுமாக ஆறு பேர் மறுப்பு எழுதினோம். ஆறாகச் சேர்ந்த பிறகுதான் என் ஆசிரியரும் அச்சிட்டார். கைப்பேசிப் பெட்டியிலிருந்து அந்த வரி சத்தமில்லாமல் காணாமல் போயிற்று. ஒரு மன்னிப்பு இல்லை, ஒரு விளக்கம் இல்லை. கிடங்கில் மேனேஜர் பழைய சட்டத்தைக் கொண்டுவரத் தயங்கினார். பொட்டலம் கட்டும் பெண்கள் பதினெட்டுப் பேரும், கதவில் ஆளில்லாமல் யாரும் உள்ளே போகமாட்டோம் என்று நாத்தனார் தலைமையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அரை நாளில் சட்டம் திரும்பியது.

கடைசியாகப் போனபோது, அந்தக் கைப்பேசியை என்ன செய்தீர்கள் என்று அம்மையாரைக் கேட்டேன். தூக்கி எறிந்தேன் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"வச்சிருக்கேன். வெளியில நல்லாத்தானே வேலை செய்யுது. நல்ல போனுங்க அது. இருக்கிற நல்லதை மட்டும் எழுதியிருந்தாலே நான் வாங்கச் சொல்லியிருப்பேனே. பொய்ய எதுக்குங்க சேர்த்தீங்க?"

இதற்குப் பதில் உங்களில் யாரிடமாவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள்.

ஆகவே பெரியோர்களே, தாய்மார்களே, சந்தேகப்படுங்கள்! ஒரே சொல்லைப் பலர் சொன்னால் சந்தேகப்படுங்கள்! எல்லோரும் புகழும்போது சந்தேகப்படுங்கள்! இனிக்க இனிக்கப் பேசுகிறவனைச் சந்தேகப்படுங்கள், அவன் இந்த மேடையிலேயே நின்று பேசினாலும் சந்தேகப்படுங்கள்! ஆனால் அடிபட்டு வந்து கேள்வி கேட்கிறவரை, தயவுசெய்து, என்னைப் போல முதலில் சந்தேகப்பட்டுவிடாதீர்கள்!

அந்த அம்மையாரை இந்தக் கூட்டத்துக்கு அழைத்தேன். வேலை நாள், வர முடியாது என்றுவிட்டார். நாம் இங்கே காற்றாடிக்குக் கீழே வசதியாக அமர்ந்திருக்கும் இந்த நேரத்தில், அவர் சுழியத்துக்குக் கீழே இருபதில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். கதவருகே ஆட்கள் முறைபோட்டு நிற்கிறார்கள். இன்று நாத்தனாரின் முறை. கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "அண்ணி!" என்று உள்ளே குரல் கொடுப்பார். "இருக்கேன்டி!" என்று பதில் வந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வரும்.

தலைவர் மணியில் கை வைத்துவிட்டார். என் தவறைச் சொல்ல மேடை தந்த மன்றத்துக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், குறுக்கே கேள்வி கேட்ட பின்வரிசை ஐயாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.