சிக்னல் வராத பத்தொன்பது நாட்கள்

எனக்குச் சாப்பிடும்போது பேச்சு பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு, எழுந்து கை கழுவிவிட்டு, அதற்குப் பிறகு எந்த ஊர்க்கதையை வேண்டுமானாலும் பேசலாம். இதை ஒரு குற்றமாக நீங்கள் எழுதிக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அதற்கு இங்கிருந்துதான் தொடங்க முடியும்.

கைபேசி நிறுவனம் ஒன்றின் குறைதீர்ப்புப் பிரிவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். இப்போது ஷிஃப்ட் மேற்பார்வையாளர். முப்பது நாற்காலி, முப்பது திரை, ஜன்னல் இல்லாத ஒரு நீளக் கூடம். ஏசி சத்தத்தில் நம் குரலே நமக்குக் கேட்காது. சிக்னல் இல்லை, நெட் இழுக்கிறது, பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோகிறது என்று வரும் புகார்கள் எங்கள் திரைக்கு வரும். ஒவ்வொன்றையும் மூன்று நாளைக்குள் மூடியாக வேண்டும்.

மூடுவதற்கு ஒரு விதி உண்டு. வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, சரியாகிவிட்டதா என்று கேட்க வேண்டும். பத்துப் பத்து நிமிட இடைவெளியில் மூன்று முறை. மூன்று முறையும் அவர் எடுக்காவிட்டால் அவருக்குக் குறை ஏதும் இல்லை என்று எடுத்துக்கொண்டு மூடிவிடலாம். எந்த எண்ணில் குறையோ அந்த எண்ணுக்கேதான் கூப்பிட வேண்டும். வேறு எண்ணைப் போட அந்தத் திரையில் இடம் கிடையாது. அதாவது, சிக்னலே வராத போனுக்குக் கூப்பிட்டு, சிக்னல் வருகிறதா என்று கேட்கிறோம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். எங்கள் பிரிவுக்கு வருடா வருடம் பாராட்டுக் கேடயம் வருகிறது.

இப்போது என் மனைவியைப் பற்றிச் சொல்கிறேன். நல்லவள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டேன். அவளுக்கு ஒரே தங்கை, வீட்டில் குட்டி என்பார்கள். குட்டியின் கணவர், அதாவது என் சகலை, எங்கள் ஊரிலேயே இன்னொரு கோடியில் குடியிருந்தார். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம். கைநீட்டுகிற ஆள். என் மனைவி ஒருமுறை போய் நியாயம் கேட்டதிலிருந்து, அக்கா அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். என்னிடம் மட்டும் எப்போதும் மரியாதை குறையாமல் பேசுவார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சகலை தினமும் மாலையில் குட்டியின் போனை வாங்கிப் பார்ப்பார். யார் கூப்பிட்டிருந்தாலும் அன்றைக்கு அடி. அதனால் அக்காவும் தங்கையும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அக்கா கூப்பிடவே கூடாது. அவர் வெளியே போன நேரம் பார்த்துக் குட்டிதான் கூப்பிடுவாள். பேசி முடித்ததும் அழைத்த தடயத்தை அழித்துவிடுவாள். அது காலையா மாலையா என்று யாருக்கும் தெரியாது. என் மனைவி செய்ய வேண்டியதெல்லாம், மணி அடித்தால் எடுப்பது.

அவள் அதைச் செய்தாள். குளிக்கப் போனால் போன் குளியலறை ஜன்னலில் இருக்கும். துணி உலர்த்தப் போனால் இடுப்பில் செருகியிருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் அவள் தட்டுக்கும் என் தட்டுக்கும் நடுவில் இருக்கும். குழம்பை ஊற்றும்போதுகூட அவள் கண் அதன் மேல்தான். நான் உப்புக் கேட்டால் இரண்டு தரம் கேட்க வேண்டும். மணி அடித்துவிட்டால் எச்சில் கையோடு எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடுவாள். திரும்பி வரும்போது முகம் வெளிறியிருக்கும். பிறகு சாப்பிட மாட்டாள். எதிரில் ஒருவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்க நாம் சாப்பிடுவது எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது என் காதிலும் விழுந்தது. "இனி ஒரு தடவை கை வெச்சான்னா உடனே எனக்குக் கூப்பிடு குட்டி. முக்கால் மணி நேரத்துல வாசல்ல நிப்பேன். கட்டின துணியோட கிளம்பி வந்துடு, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது சின்ன அறை திறந்து கிடந்தது. நான் பகல் தூக்கம் தூங்கும் அறை அது. ஷிஃப்ட் முடிந்து வந்தால் எனக்கு இருட்டு வேண்டும், அமைதி வேண்டும். ஜன்னல் திரையைக் கழற்றித் துவைக்கப் போட்டிருந்தாள். கட்டிலில் பூப்போட்ட உறையுடன் ஒரு புதுத் தலையணை. என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்காததுதான் எனக்கு வலித்தது.

அதற்கு அடுத்த நாளிலிருந்து அவள் போனில் சிக்னல் இல்லை.

முதல் நாள் அணைத்துப் போட்டாள். இரண்டாம் நாள் சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டாள். மூன்றாம் நாள் அந்தச் சிம்மை எதிர்வீட்டு டீச்சர் போனில் போட்டுப் பார்த்தாள். அதிலும் வரவில்லை. கோளாறு போனில் இல்லை என்று தெரிந்துகொண்டாள். புத்திசாலி. டீச்சர் போனிலிருந்தே எங்கள் நிறுவனத்துக்குப் புகார் பதிந்தாள். பிறகு காத்திருக்கத் தொடங்கினாள்.

"என்னங்க, இன்னைக்காவது சரியாயிடுமா?"

"டவர்ல வேலை நடக்குது. ஆகும்."

"டீச்சர் போன்ல நல்லா வருதே."

"அது வேற கம்பெனி."

"அப்ப நாமளும் அந்தக் கம்பெனிக்கு மாத்திக்கலாமா? நம்பர் இதேதானே இருக்கும்?"

"மாத்தறதுன்னா நடுவுல ஒரு வாரம் சுத்தமா செத்துக் கிடக்கும். அந்த நேரம் பாத்து அவ கூப்பிட்டா?"

அவளிடம் அப்படிச் சொன்னால் போதும். மாற்றும் பேச்சையே விட்டுவிடுவாள். ஒருநாள் எங்கள் நிறுவனத்தின் கடைக்கே நேரில் போயிருக்கிறாள். கவுன்டரில் இருந்த பெண், "உங்க வீட்டுக்காரர் அங்கதானே இருக்கார், அவரைவிடப் பெரிய ஆள் யாரு மேடம்?" என்று சிரித்து அனுப்பிவிட்டாள். அதை என்னிடம் வந்து சொல்லும்போது என் மனைவியும் கொஞ்சம் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடப்பாள். பால்கனியின் மூலைக்குப் போவாள், மாடிப்படிக்குப் போவாள், வெயிலில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நிற்பாள். எனக்குப் பாவமாக இருந்தது. கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். இறங்கி வந்ததும் நான்தான் மோர் கலந்து கொடுத்தேன்.

அவளுடைய புகார் என் ஷிஃப்டுக்கே வந்தது. வேறு யாருக்கும் ஒதுக்காமல் நானே எடுத்துக்கொண்டேன். விதிப்படி கூப்பிட்டேன். பதினொன்று பத்துக்கு, பதினொன்று இருபதுக்கு, பதினொன்று முப்பதுக்கு. 'தாங்கள் அழைத்த எண் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது' என்று எங்கள் நிறுவனத்துப் பெண்குரல் மூன்று தரமும் சொன்னது. வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை, குறை இல்லை என்று எழுதி மூடினேன். இரண்டாவது புகாரையும் மூன்றாவது புகாரையும் அப்படியே மூடினேன். எதிலும் ஒரு நிமிடம்கூட முன்பின் இல்லை. நீங்கள் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கோளாறு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் என் வாயால் சொல்லிவிடுகிறேன். எங்கள் திரையில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பக்கம் உண்டு. என்னென்ன சேவை என்ற வரிசையும், ஒவ்வொன்றின் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் டிக்கும் இருக்கும். நீங்கள் 4ஜி என்பதை நாங்கள் எல்டிஇ என்போம். அந்த டிக்கை எடுத்துவிட்டால் நெட் போய்விடும். பழைய 2ஜி, 3ஜி எல்லாவற்றையும் நிறுவனம் முன்பே மூடிவிட்டதால் பேச்சும் போய்விடும். ஒரு டிக். தலையணையைப் பார்த்ததற்கு மறுநாள் காலை, தேநீர் வருவதற்குள் எடுத்துவிட்டேன்.

இரண்டு மூன்று நாள்தான் நினைத்தேன். ஆனால் அந்த முதல் மதியம் அவள் போன் இல்லாமல் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். போனை அலமாரியில் வைத்துவிட்டு வந்திருந்தாள். நான் கேட்காமலே உப்பு என் பக்கம் வந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கல்யாணமான புதிதில்கூட அப்படி இருந்ததில்லை.

எட்டாம் நாள் அவளால் பொறுக்க முடியாமல் பஸ் ஏறிப் போய், தங்கை வீட்டுத் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். "கொடியில அவ பச்சைப் புடவை காஞ்சுதுங்க. அப்போ நல்லாத்தானே இருக்கா?" என்று கேட்டாள். "நல்லாத்தான் இருப்பா" என்றேன். அன்றைக்கு இரண்டு பேரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

பன்னிரண்டாம் நாள் சகலை என் போனுக்குக் கூப்பிட்டார். நலம் விசாரித்தார். என் முதுகுவலி எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்டார்.

"சகல, அக்கா போன் போகவே மாட்டேங்குதே. நம்பரை மாத்திட்டாங்களா?"

"மாத்தலை. லைன்ல பிரச்சனை."

"எப்ப சரியாகும்?"

"இன்னும் ஒரு வாரம், பத்து நாள் ஆகும்."

"அப்படியா. பரவாயில்லை, மெதுவா ஆகட்டும்."

வைத்துவிட்டார். அக்கா தன் வாசலை மிதிக்கக் கூடாது என்று சொன்னவர் அவள் எண்ணை எதற்கு முயன்று பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. ஒருவர் சொந்த விஷயத்தில் மூக்கை நுழைப்பது என் பழக்கம் இல்லை. சரியாகும் தேதியைக் கேட்டார், சொன்னேன். தினமும் நூறு பேருக்குச் சொல்வதுதான்.

பத்தொன்பதாம் நாள் ஒரு சனிக்கிழமை. அவள் எண்ணின் பக்கத்தை நான் தினமும் ஒருமுறை திறந்து பார்ப்பேன். போய்ச் சேராத அழைப்புகள் அதில் வரிசையாகத் தெரியும். அதுவரை வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் இருந்தன. அன்று பதினொன்று நாற்பதுக்குக் குட்டியின் எண் வந்தது. நாற்பத்திரண்டுக்கு மறுபடி வந்தது. நாற்பத்து மூன்றுக்கு இரண்டு. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். டிக் போட வேண்டிய கட்டம் அதே திரையில், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. போட்டிருந்தால் அடுத்த அழைப்பு என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மணியாக அடித்திருக்கும். என் மனைவி முக்கால் மணி நேரத்தில் அந்த வாசலில் நின்றிருப்பாள். மாலையில் சின்ன அறையில் ஆள் இருந்திருக்கும்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோது மொத்தம் பதினொன்று ஆகியிருந்தது. கடைசி அழைப்பு பன்னிரண்டு ஐந்துக்கு. அதற்குப் பிறகு வரவில்லை. அப்பாடா, நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

குட்டி மாடிப்படியில் தவறி விழுந்து இறந்துவிட்டாள் என்று சகலை எனக்குத்தான் முதலில் சொன்னார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், பிறகு டிக்கைப் போட்டேன். இனி அதை எடுத்து வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வீட்டுக்குப் போனபோது என் மனைவி அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். போனுக்கு உயிர் வந்திருந்தது. தவறிய அழைப்புகளின் குறுஞ்செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக, பதினொன்றும் வந்து விழுந்துகொண்டிருந்தன. "சரியாயிடுச்சுங்க" என்றாள் என்னைப் பார்த்து. முகமெல்லாம் மலர்ச்சி. "பாருங்க, குட்டிதான். இத்தனை தடவை கூப்பிட்டிருக்கா." அவளிடம் விஷயத்தை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் விதியில் இன்னொன்று உண்டு. ஒரே எண்ணைப் பற்றி நான்காவது புகார் வந்தால் அது எங்கள் பிரிவுக்கு வராது. நேராகத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும், அவர்கள் யார் எந்த டிக்கைத் தொட்டார்கள் என்பதுவரை தோண்டிப் பார்ப்பார்கள். லைன் சரியான பிறகு யாரும் புகார் கொடுத்து நான் பார்த்ததில்லை. அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டேன். குட்டியின் காரியம் முடிந்து ஏழாம் நாள் என் மனைவி எழுதியிருக்கிறாள். 'போன் இப்போது நன்றாக வேலை செய்கிறது. பத்தொன்பது நாள் ஏன் வேலை செய்யவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.'

ஆக, தெரிந்துதான் செய்தேன். கோபத்தில் செய்யவில்லை, குட்டி மேல் எனக்கு விரோதமும் இல்லை. சகலையைத் தூண்டிவிடவும் இல்லை. அந்தப் பதினொரு அழைப்பும் எதற்கு என்று எனக்குத் தெரியும், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அதை என்ன வார்த்தையில் எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேற்று என் மனைவியிடம் பேச அனுமதி கொடுத்தீர்கள். பத்துப் பத்து நிமிட இடைவெளி விட்டுக் கூப்பிடச் சொல்லி நான்தான் கேட்டுக்கொண்டேன். போன் கணீரென்று அடித்தது, சிக்னலில் ஒரு கோளாறும் இல்லை. மூன்று முறையும் அவள் எடுக்கவில்லை. அப்படியானால் அவளுக்கு என்மேல் குறை ஏதும் இல்லை.