இரண்டு லைனும் சமமான நாள்

அன்று காலை டீக்கு மயில்சாமிதான் தேங்காய் பன் வாங்கிக்கொடுத்தான். கம்பெனிக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் அந்த நேரத்துக்குத்தான் பன் அடுப்பிலிருந்து இறங்கும். காகிதத்தைத் தாண்டிக் கை சுடும். நாங்கள் மூன்று பேரும் ரோட்டோரம் நின்று சாப்பிட்டோம்.

“சர்க்கரையே இல்லக்கா. தேங்காயக் காட்டிப்போட்டு எடுத்துக்கிட்டானாட்ட இருக்குது” என்றான்.

“ஒரே மிஷினுல உக்காந்து எங்களவிட அதிகமாச் சம்பளம் வாங்கறவன் நீதானே. பத்தலீன்னா இன்னொண்ணு வாங்கித் தின்னு.”

“இன்னிக்கோட அதுவும் போச்சு. திங்கக்கெழமையில இருந்து பன்னு உன்ற செலவு. பப்ஸும் வேணும்.”

அவன் மனைவி அனுப்ரியா வாய் நிறையப் பன்னோடு சிரித்தாள். அவனை உயிரோடு அவள் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

என் பெயர் மருதம்மாள். மயில்சாமி என் தம்பி. அம்மா இறந்தபோது அவன் இரண்டாம் வகுப்பு. நான் பத்தாவதோடு நிறுத்திவிட்டு பனியன் கம்பெனிக்கு வந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் வளர்ந்ததும் மிஷினில் உட்காரவைத்துத் தையல் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். இரக்கம் தேடி இதைச் சொல்லவில்லை. அவனுடைய கை எப்படி வேலை செய்யும் என்பது என்னைவிட வேறு யாருக்கும் தெரியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்று பேரும் ராயபுரத்தில் ஒரே கம்பெனியில் இருந்தோம். அங்கே மாடியில் இரண்டு லைன். ஜன்னல் பக்கம் ஆண்கள், சுவர்ப் பக்கம் பெண்கள். அதே மிஷின்கள், அதே பனியன், அதே ஷிப்ட். சம்பளம் மட்டும் வேறு. பெண்கள் லைனுக்கு நான் லீடர். ஆண்கள் லைனுக்குச் செங்கோட்டையன் லீடர். அவருக்கும் எனக்கும் இடையிலும் அந்த வித்தியாசம் இருந்தது.

எங்கள் பனியனை வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆட்கள் ஆடிட்டுக்கு வந்தபோது இதைக் கேட்டார்கள். ஒரே வேலைக்கு ஏன் இரண்டு சம்பளம் என்று. முதலாளி மகுடேஸ்வரன் கோபப்படுகிறவர் அல்ல. மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, என்னைப் பார்த்துப் பேசினார்.

“ஏனுங்க மருதக்கா, ஆம்பளைங்க எடுக்கற பீஸ நீங்களும் எடுத்தா நான் குடுக்க மாட்டேன்னா சொல்றேன்? ஒரு மாசம் பாக்கலாமுங்க. ரெண்டு லைனும் ஒரே ஆர்டர். மாசக் கடைசியில நீங்க சமமா வந்துட்டாப் போதும். ஒரே சம்பளம் போட்டுடறேன்.”

“அவிங்களுக்குத் துணி மடிச்சுக் குடுக்க ஹெல்பர் இருக்குதுங்க. எங்களுக்கு நாங்களேதான் மடிக்கோணும்” என்றேன்.

“அந்த ஹெல்பரும் பொம்பளைதானுங்களே. அப்பறம் அதுக்கும் சம்பளத்த ஏத்துன்னு கேப்பீங்க” என்றார். ஆண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒரு நிபந்தனை வைத்தார். கரண்ட் போனாலோ யாருக்காவது அடிபட்டாலோ அது நியாயமான மாதம் இல்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். முதல் முறை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. மறுபடி தொடங்கினோம். இரண்டாவது முறை நாங்கள் முந்திக்கொண்டிருந்தபோது ஜெயபாரதி என்ற பெண்ணின் விரலில் ஊசி இறங்கி நகத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. அவள் அப்படியே தைக்கிறேன் என்றாள். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு எங்கள் பெண்கள் பாத்ரூமில் அழுதார்கள். மூன்றாவது தடவை முடித்தே தீருவோம் என்று நான் வாக்குக் கொடுத்தேன். தண்ணீர் குடிப்பதைக் குறைக்கச் சொன்னேன். குறைத்தார்கள். ஒருத்தி மயங்கி விழுந்தாள், முகத்தைத் துடைத்து உட்காரவைத்தோம். அதை அடிபட்டதில் சேர்க்கவில்லை.

கடைசி நாள் காலையில் நாங்கள் ஒரு பண்டில் பின்னால் இருந்தோம்.

ஒரு பண்டில் என்பது தைக்கக் கட்டி வருகிற துண்டுகளில் ஒரு கட்டு, பெரியது அல்ல. ஆனால் எங்கள் பெண்களிடம் இனி எடுக்க எதுவும் இல்லை. சமமாக வேண்டுமென்றால் இரண்டு வழிதான். கீழே இருப்பவர் ஏற வேண்டும், அல்லது மேலே இருப்பவர் இறங்க வேண்டும். இதில் சிக்கலான யோசனை எதுவும் கிடையாது.

ஆண்கள் லைனில் பனியனின் அடியை மடித்துத் தைப்பது மயில்சாமி. எல்லாப் பனியனும் அவன் மிஷினைத் தாண்டித்தான் போக வேண்டும். அவன் நின்றால் பின்னால் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அவனிடமே கேட்டிருக்கலாமே என்று பிறகு விசாரணையில் இன்ஸ்பெக்டர் சொன்னார். தன் கையை ஒரு ஆண் பிள்ளை தானாகத் தாழ்த்துவான் என்று நான் நினைக்கவில்லை. அவன் பெண்டாட்டிக்கே லாபம் என்றாலும் தாழ்த்த மாட்டான். அத்தனை வருஷம் அவர்களோடு வேலை செய்திருக்கிறேன்.

டீ முடிந்து அனுப்ரியா மேலே போனாள். நான் அவனைப் பின்பக்கம் கூப்பிட்டேன். அங்கே துணி ரோல் ஏற்றி இறக்குகிற லிஃப்ட் இருக்கிறது. கதவு கிடையாது, குறுக்கே ஒரு சங்கிலிதான். தரைக்கு ஒரு முழம் மேலே அதை நிறுத்தி வைத்திருந்தேன். நூல் கோன் ஒன்று அடியில் உருண்டுவிட்டது, எடுத்துக் கொடு என்றேன்.

“உனக்கு வேற ஆளே கெடைக்கலியா?” என்று சிரித்துக்கொண்டே மண்டியிட்டுக் கையை விட்டான். நான் பொத்தானை அழுத்தினேன்.

நான் நினைத்தது விரல்களைத்தான். இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. ஒரு மாதத்தில் ஆறிவிடும், ஹெல்பர் வேலையாவது பார்ப்பான் என்று கணக்கு. அவன் முழங்கைக்கு மேல்வரை விட்டிருந்தான். எந்த வேலை சொன்னாலும் அப்படித்தான், அரைகுறையாகச் செய்ய மாட்டான். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. லிஃப்டை மறுபடி மேலே எழுப்பியபோது கை தோலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்திலேயே கட்டிங் வேஸ்ட் போடுகிற குடோன். அதற்குள் அவனை இழுத்துப்போட்டேன். பனியன் துணி ரத்தத்தை நன்றாக உறிஞ்சும். முதலில் வெள்ளைத் துண்டுகளை எடுத்தேன், அது போதாமல் கலரையும் எடுத்தேன். கழுத்துக்கு வைக்கிற ரிப் பட்டை இழுத்தால் நீளும், அதனால் தோளுக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். காயத்தைத் தொட்டுவிடாமல் இருக்க மற்ற கையையும் உடம்போடு சேர்த்துக் கட்டினேன்.

“என்னக்கா பண்ணுனே?” என்றான். பிறகு, “நான் மெதுவாத்தானேக்கா தெச்சுட்டு இருந்தேன்” என்றான்.

அதற்கு மேல் அவன் பேசவில்லை.

வலியில் இருப்பவர்கள் எதையாவது சொல்வார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கதவைச் சாத்தி, கையைக் கழுவி, புடவையின் கறை தெரியாமல் மேலே ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனேன். அடிபட்டது தெரிந்தால் மூன்றாவது மாதமும் போய்விடும். அதை அந்தப் பெண்களுக்கு நான் எப்படிச் செய்ய முடியும்?

“மயிலு எங்கீங்க மருதக்கா?” என்று செங்கோட்டையன் கேட்டார்.

“தெரியலீங்க. கடைப்பக்கம் போனானாட்ட இருந்துச்சு.”

கடை என்றால் சாராயக் கடை. டீக்குப் போகிற ஆண்கள் அப்படியே அங்கே போய்விட்டு வராமல் இருப்பது கம்பெனிகளில் வழக்கம்தான். மயில்சாமி தைப்பூசத்துக்கு மாலை போட்டதிலிருந்து குடிப்பதில்லை.

“பழனியாண்டவனே பாவம், எத்தன நாளுதான் இவனப் புடிச்சு வெப்பாரு” என்று ஒருவன் சொன்னான். ஆண்கள் லைன் முழுக்கச் சிரித்தது. அனுப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தையல் தளர்வது தெரிந்தது. பக்கத்தில் போய் நின்று, “கையப் பாரு கண்ணு. ஊட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்” என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினாள். நல்ல பெண்.

சாப்பாட்டு நேரத்தில் கீழே போனேன். அவன் நான் போட்ட இடத்தில் இல்லை. காலால் உந்தி உந்திக் கதவுவரை வந்திருந்தான். தரையில் வந்த வழி அகலமாகத் தெரிந்தது. காலைப் பிடித்துத் திரும்ப உள்ளே இழுத்தேன். வேஸ்ட் எடை போடுகிற தராசின் இரும்பில் அவன் தலை மோதியது. அது வேண்டுமென்று நடந்தது அல்ல. இரண்டாவது தடவை மோதியது நான் செய்தது. மூன்றாவதும். அதற்குப் பிறகு அவன் கால்கள் சும்மா இருந்தன. மூச்சு இருந்தது, நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். வேஸ்ட் சாக்குகளை இழுத்து அவன்மேல் அடுக்கினேன். பாரம் அதிகமில்லாத சாக்குகளாகப் பார்த்து எடுத்தேன்.

மத்தியானம் ஆண்கள் லைனில் புது ஆளை உட்காரவைத்தார்கள். அவனுக்குக் கை வரவில்லை. அவன் முன்னால் பனியன் குவிந்தது. எங்கள் பெண்கள் தலை நிமிராமல் தைத்தார்கள். மாலை மணி அடிக்கும்போது, பீஸ் கணக்கு எழுதுகிற போர்டில் நாங்கள் சமம் மட்டுமில்லை, முன்னால் இருந்தோம்.

முதலாளி போர்டைப் பார்த்தார். எண்களை அவரே ஒரு தடவை கூட்டிப்பார்த்தார். பிறகு, “சொன்னது சொன்னதுதானுங்க. திங்கக்கெழமையில இருந்து ஆம்பளை, பொம்பளை ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம்” என்றார். பெண்களை போர்டு பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுத்து, அங்கேயே நின்று பையருக்கு அனுப்பினார். இனி அதைத் திருப்ப முடியாது என்று தெரிந்த பிறகுதான் நான் கீழே போனேன். சாக்குகளை விலக்கினேன். கத்தினேன். அந்தக் கத்தலில் நடிப்பு எதுவும் இல்லை. என் தம்பி செத்துக் கிடந்தான்.

போலீஸ் அவனுடைய பழைய குடிகாரச் சிநேகிதர்களைப் பிடித்து விசாரித்தது. அடித்ததில் அவர்களில் ஒருவனுக்குக் காது போனது. என்னை யாரும் கேட்கவில்லை. நான் வீட்டில் உட்கார்ந்து துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆண்களின் லைனில் துணி மடித்துக் கொடுக்கிற ஹெல்பர் சென்னம்மாளும் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“ஒரு வாரமா மயிலு பண்டிலப் பிரிக்காம வெச்சுட்டு வேணும்னே மெதுவாத் தெச்சானுங்க. எதுக்குடா சாமின்னு கேட்டதுக்கு, ‘அக்காகிட்டச் சொல்லீறாதீங்க, ரோசம் வந்துரும், நாங்க என்ன பிச்சையா கேட்டோம்னு சண்டைக்கு வருவா’ன்னானுங்க. அன்னிக்குப் பொழுதோட நீங்க எப்படியும் தாண்டியிருப்பீங்க மருதக்கா.”

சென்னம்மாள் பொய் சொல்கிறவள் அல்ல. ஆனால் இறந்தவனைப் பற்றி எல்லோரும் நல்லதாகத்தான் சொல்வார்கள். அவள் சொன்னது நிஜமாகவே இருந்தாலும், ஒரு ஆண் விட்டுக்கொடுத்து வருவது சமம் ஆகாது. நாங்கள் ஜெயித்து வாங்கினோம். அப்படித்தான் அது இருக்க வேண்டும்.

பெண்களுக்கு முதல் சம்பளம் பேங்கில் ஏறும்வரை பொறுத்திருந்தேன். அனுப்ரியாவின் போனில் மெசேஜ் வந்ததைப் பார்த்துவிட்டு, தலை வாரி, ஸ்டேஷனுக்கு நடந்து போய்ச் சொன்னேன். யாரும் என்னை மிரட்டவில்லை.

ஜெயிலுக்கு அனுப்ரியா ஒரே ஒரு தடவை வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். புதுச் சுடிதார் போட்டிருந்தாள், அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“அத்தன நேரம் உசுரு இருந்துச்சுன்னு சொல்றாங்க அண்ணி. அவரு ஒண்ணுமே கேக்கலீங்களா உங்ககிட்ட?” என்றாள்.

“இல்ல கண்ணு” என்றேன்.

அது உண்மை. இன்ஸ்பெக்டரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் அதையே சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்று அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். காலையில் அவன் வாய்க்குள் நான் அடைத்த துணி, மாலையில் சாக்குகளை விலக்கிப் பார்த்தபோதும் அடைத்தபடியே இருந்தது.